கியர் ஷாஃப்ட் ப்ளே: கை, வெர்னியர், ஈயக்கம்பி, டயல் கேஜ் – எதை நம்பலாம்?

பழைய எஸ்டி (Yezdi) பைக்கைப் பிரித்துக் கட்டுகிறவர்கள் பிஸ்டனுக்கும் சிலிண்டர் போருக்கும் (bore) கொடுக்கிற கவனத்தில் பாதியைக்கூட கியர் ஷாஃப்டின் பக்கவாட்டு ஆட்டத்துக்குக் கொடுப்பதில்லை. இந்த ப்ளே கூடிப்போனால் குலசேகரம் தாண்டி பேச்சிப்பாறை ஏற்றத்தில் செகண்ட் கியர் தானாகத் தெறித்து நியூட்ரலுக்கு வரும். குறைந்துபோனால் ஷாஃப்ட் இறுகும், நியூட்ரல் விழாது, புதுசாகப் போட்ட பேரிங்கும் சீக்கிரமே இரையத் தொடங்கும். பழைய புல்லட்டின் தனி கியர் பாக்ஸ் வேறு கணக்கு. இங்கே சொல்வது, என்ஜின் கேஸ் (வெளிக்கூடு) நடுவில் இரண்டாகப் பிளந்து, அதற்குள்ளேயே கியரும் இருக்கும் வகைக்கு.

கம்பெனி கையேடு கைவசம் இருந்தால் அதில் உள்ள அளவுதான். இல்லாத வண்டிக்கு 0.15 முதல் 0.2 மி.மீ. வரை வைப்பது என் வழக்கம். எஸ்டியைச் செய்த மைசூர் ஐடியல் ஜாவா 1996-லேயே மூடிவிட்டது. இன்று கடையில் வாங்கும் வாஷரும் ஷிம்மும் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய தகட்டு வளையம்) பழையதன் தடிமனிலேயே இருக்கும் என்று நம்பிப் போட முடியாது. அதனால் அளந்தே ஆக வேண்டும். எப்படி அளப்பது என்பதில்தான் ஆளுக்கொரு பிடிவாதம்.

நம்ம ஊர்ப் பட்டறைகளில் அதிகம் நடப்பது கை ஆட்டம். கேஸை மூடி, போல்ட்டை முறுக்கி, ஸ்ப்ராக்கெட் பக்கம் ஷாஃப்டைப் பிடித்து இழுத்துத் தள்ளிப் பார்ப்பார்கள். “மக்கா, லேசா டிக்குன்னு ஒரு சத்தம் வரணும்லா, அது போதும்” என்று நாகர்கோவில் வடசேரிப் பக்கம் ஒரு மூத்த மெக்கானிக் அண்ணன் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர் கை மேல் எனக்கு மரியாதை உண்டு. ஷாஃப்ட் சுத்தமாக இறுகியிருந்தால் அந்தக் கை உடனே பிடித்துவிடும். ஆனால் இருப்பது 0.1-ஆ 0.4-ஆ என்று கை சொல்லாது. ஆயில் ஒட்டியிருந்தால் அந்த ‘டிக்’கும் கேட்காது. இன்னொன்று, லே ஷாஃப்ட் (மெயின் ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றும் இரண்டாவது கியர் ஷாஃப்ட்) உள்ளே மறைந்து கிடக்கும். அதைப் பிடித்து ஆட்டவே வழியில்லை.

அடுத்தது வெர்னியரும் டெப்த் கேஜும். படித்த பையன்களுக்கு இதுதான் பிடிக்கும், கணக்கும் அழகாகத்தான் வரும். உதாரணத்துக்கு, ஒரு பாதி கேஸின் ஆழம் 42.30, மறுபாதி 31.85, இரண்டுக்கும் நடுவே அமுங்கிய பேக்கிங் (கேஸ்கெட்) 0.35, கூட்டினால் 74.50. கியர், வாஷர் எல்லாம் கோத்த ஷாஃப்ட் நீளம் 73.80. மிச்சம் 0.70. நமக்கு 0.20 வேண்டும், ஆகவே 0.50 ஷிம். சரிதான். ஆனால் அளந்த இடம் நான்கு. ஒவ்வொன்றிலும் 0.05 பிசகினால், எல்லாம் ஒரே பக்கம் சேரும்போது 0.20 தவறிவிடும். நமக்கு வேண்டிய ப்ளேயே அவ்வளவுதான்! ஆழம் அளக்கும்போது வெர்னியர் துளி சாய்ந்தாலே 0.05 போய்விடும். பேக்கிங் எவ்வளவு அமுங்கும் என்பதும் ஊகம்தான். எந்த ஷிம் தேவைப்படும் என்று ஒரு குத்துமதிப்புக்கு வர இந்த முறை உதவும். இதை மட்டும் வைத்து வண்டியை மூடிவிட நான் துணியமாட்டேன்.

எனக்குப் பிடித்தது ஈயக்கம்பி. சால்டரிங்குக்கு வாங்கும் மெல்லிய கம்பிதான், எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும். ஷாஃப்டில் இருக்க வேண்டிய வாஷர்களைப் போட்டுவிட்டு, கடைசி வாஷரின் முகத்தில் எதிரெதிராக இரண்டு சிறு துண்டுகளை கிரீஸ் தடவி ஒட்ட வேண்டும். பேக்கிங் வைத்து, போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி மூடி, ஷாஃப்டைச் சுற்றாமல் திரும்பப் பிரிக்க வேண்டும். நசுங்கிய துண்டை மைக்ரோமீட்டரில் வைத்தால் இருக்கிற மொத்த இடைவெளி அப்படியே கிடைக்கும். கேஸ், பேக்கிங், வாஷர் எல்லாம் அதில் அடங்கிவிட்டதால் கூட்டல் கழித்தலில் பிழை சேர வழியில்லை. ஒரு துண்டு 0.68, எதிர்த் துண்டு 0.80 என்று வந்தால் அதுவும் நல்ல சேதிதான்: பேரிங் ஒரு பக்கம் முழுசாக இறங்கவில்லை, அல்லது வாஷரின் அடியில் ஏதோ பிசிறு இருக்கிறது. இதை வேறெந்த முறையும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது. கம்பி இடைவெளியை விடச் சற்றே தடிமனாக இருந்தால் போதும். ரொம்பத் தடிமனாக வைத்தால் நசுங்குவதற்குப் பதில் பேரிங்கையே இடம் நகர்த்திவிடும். சிலர் குழந்தைகளின் களிமண்ணை வைப்பார்கள். அது வாஷரில் ஒட்டிக்கொள்ளும், மைக்ரோமீட்டர் பட்டாலே மேலும் அமுங்கும்.

இதில் உள்ள ஒரே கஷ்டம், கேஸை இரண்டு முறை மூடித் திறப்பது. அளப்பதற்கு ஒரு பேக்கிங், கடைசியாக மூடுவதற்கு அதே தடிமனில் இன்னொன்று வேண்டும்.

கடைசியாக, நகர்வை முள்ளால் காட்டும் டயல் கேஜ். அதன் எண்ணோடு யாரும் சண்டை போட முடியாது. எல்லாம் மூடிய பிறகு, உண்மையில் எவ்வளவு நகர்கிறது என்பதை அது அப்படியே காட்டும். ஆனால் ஷாஃப்ட் முனை வெளியே எட்டும் மெயின் ஷாஃப்டுக்குத்தான் அது சரிவரும். கேஜைத் தாங்கும் காந்தக் கால் அலுமினியக் கேஸில் ஒட்டாது, ஒரு இரும்புத் தகட்டை ஸ்டட்டில் முறுக்கி அதன்மேல் நிறுத்த வேண்டும். கையால் மட்டும் தள்ளுங்கள், டயர் லீவரால் நெம்பினால் கேஸ் வளைவதும் சேர்ந்து முள்ளில் ஏறும்.

ஆக, என் முடிவு: லே ஷாஃப்டுக்கு ஈயக்கம்பி. மெயின் ஷாஃப்டுக்கு ஈயக்கம்பியால் ஷிம்மைத் தேர்ந்தெடுத்து, மூடிய பின் டயலில் சரிபார்ப்பது. டயல் இல்லையென்றால் கோட்டாறு பக்கம் லேத் பட்டறையில் கேட்டுப் பார்க்கலாம்.

“சூடானா ஷாஃப்ட் நீளும், அதனால ப்ளேயை அதிகமா விடு” என்று சொல்வதை மட்டும் கேட்காதீர்கள். 100 மி.மீ. நீளத்தில் 60 டிகிரி சூடு ஏறினால் இரும்பு ஷாஃப்ட் சுமார் 0.07 நீளும். அலுமினியக் கேஸோ 0.14 நீளும். ரெண்டும் ஒரேபோலச் சூடானால் ப்ளே கூடத்தான் செய்யும்.

ஷிம் போடும்போது 0.1-இல் ஐந்தை அடுக்குவதை விட 0.5-இல் ஒன்று நல்லது. அதை, சுற்றும் கியரின் முகத்தில் படாதபடி த்ரஸ்ட் வாஷருக்குப் பின்னால் வையுங்கள். கியரின் முகத்தில் பட்டால் மெல்லிய ஷிம் கிழிந்து துண்டுகள் ஆயிலோடு சுற்றும். அப்புறம் ப்ளே சரியாக இருந்தும் கியர் தெறித்தால், ஷிம்மை விட்டுவிட்டு டாக் (கியர்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் பக்கவாட்டுப் பற்கள்) முனைகள் மழுங்கியிருக்கிறதா, கியரை நகர்த்தும் ஃபோர்க் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள்.