டயர் பெருத்துவிட்டது, கிரவுன் பினியனை மாற்றலாமா?

1990-களின் தொடக்கத்தில் வந்த டொயோட்டா பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். மற்ற நாடுகளில் அதற்கு ஹைலக்ஸ் என்று பெயர். அமெரிக்காவில் தனியாகப் பெயர் எதுவும் வைக்காமல் 1995 வரை வெறும் 'பிக்கப்' என்றே விற்றார்கள். 22ஆர்இ என்ற 2.4 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், 116 குதிரைத்திறன். கெட்டி உயிர், ஆனால் அவசரப்படத் தெரியாது. இதற்கு 31 அங்குல டயர் போட்டால் பார்க்க அம்சமாகத்தான் இருக்கும். முதல் மேட்டில் ஐந்தாவது கியர் மூச்சு வாங்கும்போதுதான் விஷயம் உறைக்கும்.

கம்பெனி போட்டுக்கொடுத்த 225/75ஆர்15 டயரின் உயரம் சுமார் 28.3 அங்குலம். 31 அங்குல டயர் ஒரு சுற்றுக்கு அதைவிட ஒன்பதரை சதவீதம் கூடுதல் தூரம் உருளும். இன்ஜினின் சுழற்சியைக் கடைசியாகச் சக்கரங்களுக்குத் திருப்பிவிடும் பெட்டிதான் டிஃப்ரன்ஷியல். அதற்குள் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம் கிரவுன் வீல் என்ற பெரியதைச் சுற்றுகிறது. அங்கே இருக்கும் விகிதம் 4.10, அதாவது பினியனில் 10 பல், கிரவுன் வீலில் 41 பல். எண் கூடினால் இழுவை கூடும், இன்ஜினும் வேகமாகச் சுற்றும். பெரிய டயரோடு அது 3.74 போல நடந்துகொள்ளும். பழைய இழுவை அப்படியே வேண்டுமென்றால் 4.49 தேவை. கிடைப்பதோ 4.56 (41/9), 4.88 (39/8), 5.29 (37/7). கடைசியை இப்போதே ஒதுக்கிவிடலாம். அது 33 அங்குலமும் அதற்கு மேலும் போடுகிறவர்களுக்கு. பினியனில் ஏழே பல், 31 அங்குல டயரோடு 100 கி.மீ. வேகத்திலேயே இன்ஜின் 3,000 சுற்றைத் தாண்டிவிடும்.

மீதி இரண்டையும் நெடுஞ்சாலையில் பார்ப்போம். 100 கி.மீ. வேகம், ஐந்தாவது கியர். சின்ன டயரும் 4.10-உம் இருந்தபோது இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 2,570 சுற்று ஓடியது. 31 அங்குலம் போட்டதும் 2,350-க்கு இறங்கிவிடுகிறது. 4.56 மாட்டினால் 2,610, கிட்டத்தட்டப் பழைய நிலை. 4.88 என்றால் 2,795. இந்த இன்ஜினின் முறுக்கு விசை உச்சம் தொடுவது 2,800 சுற்றில். அதனால்தான் 4.88 போட்டவர்கள் "வண்டிக்கு உயிர் வந்துவிட்டது" என்கிறார்கள்.

சரி, செலவு செய்யும் முன் இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஐந்தாவது கியரின் விகிதம் 0.85, நான்காவது நேர் 1.00. 4.88-ஐ 0.85-ஆல் பெருக்கினால் 4.15 வரும். எதையும் மாற்றாமல் 4.10-ஐ வைத்துக்கொண்டு நான்காவது கியரில் ஓட்டினால்? அதே 4.10, சுமார் 2,760 சுற்று. 4.88 ஐந்தாவதில் தருவதை இப்போதிருக்கும் நான்காவது கியர் சும்மாவே தருகிறது! நெடுஞ்சாலை மேட்டில் இழுக்கவில்லை என்பது மட்டும்தான் உங்கள் குறை என்றால், கியர் கம்பியை ஒரு படி இறக்குவதோடு வேலை முடிந்தது.

முதல் கியருக்கு மட்டும் அந்தச் சமாளிப்பு கிடையாது, அதற்குக் கீழே இறக்க வேறு கியர் இல்லையே. சுமையோடு மேட்டில் நிறுத்தி எடுக்கும்போதும், ரிவர்ஸில் டிரெய்லரைத் தள்ளும்போதும் கிளட்ச் வாசனை வருகிறதா? அப்போதுதான் டிஃப்ரன்ஷியலில் கை வைக்க நியாயம் இருக்கிறது. முதல் கியர் 3.95. டயர் அளவையும் சேர்த்துக் கணக்கிட்டால், கம்பெனியிலிருந்து வந்தபோது மொத்த விகிதம் 16.2. பெரிய டயரில் அது 14.8 ஆகிவிட்டது. 4.56 அதை 16.5-க்கும், 4.88 அதை 17.6-க்கும் ஏற்றும்.

பாறையிலும் சேற்றிலும் ஊர்ந்து போவதற்காகத்தான் கேட்கிறேன் என்பவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. கியர்பாக்ஸிலிருந்து வரும் சுழற்சியை முன், பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில், மெதுவாக ஊர்வதற்கென்றே இருக்கும் லோ ரேஞ்சின் 2.28-க்குப் பதிலாக 4.70 கியர் செட் வெளிச்சந்தையில் கிடைக்கிறது. 4.10 டிஃப்ரன்ஷியலோடு முதல் கியரின் மொத்த விகிதம் (டயர் அளவைச் சேர்க்காமல்) 37-லிருந்து 76-க்குப் போய்விடும். 4.88 மட்டும் போட்டால் கிடைப்பது 44. சாதாரணச் சாலையில் 4.70-ஆல் எந்த வித்தியாசமும் தெரியாது. அதுவே அதன் குறை, அதுவே அதன் நிறை.

இனி வேலைப்பாடு. ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் முன்னும் பின்னும் ஒரே விகிதம் இருந்தாக வேண்டும். பின்பக்கத்தை மட்டும் மாற்றிவிட்டுக் காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கரத்தையும் இணைத்தால் இரண்டு அச்சும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். ஆகச் செலவு இரண்டு மடங்கு. முன்பக்கம் 7.5 அங்குலக் கிரவுன், பின்பக்கம் 8 அங்குலம். செட்டும் தனித்தனி.

பின்பக்கத்தில் டொயோட்டா ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. ஆக்ஸிலை இரு பக்கமும் உருவி, புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றினால், கிரவுன், பினியன், கூடு எல்லாம் ஒரே உருண்டையாக முன்பக்கமாக வெளியே வந்துவிடும். மேஜையில் வைத்து நிதானமாக செட் செய்யலாம். ஃபோர்டு ரேஞ்சர் போன்ற வண்டிகளில் இதே வேலையை அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு செய்ய வேண்டும். ஷிம் எனப்படும் மெல்லிய இடைத்தகட்டின் அளவு தப்பினால் திரும்பத் திரும்பக் கழற்றி மாட்ட வேண்டும்.

இந்த வசதியால் நான்காவதாக ஒரு வழியும் திறக்கிறது. கம்பெனியிலேயே 31 அங்குல டயரோடு வந்த சில டொயோட்டாக்களில் 4.56 இருக்கும். உடைசல் யார்டில் அந்த உருண்டையை முழுசாக வாங்கி அப்படியே பூட்டிவிடலாம். ஒன்றோடொன்று தேய்ந்து பழகிய பற்கள், தொழிற்சாலை வைத்த அளவு. ஆனால் முன்பக்கத்துக்கும் அதே விகிதத்தில் ஒன்று கிடைக்க வேண்டும். கிடைத்தால் நான் 4.88-ஐ மறந்துவிட்டு இதைத்தான் எடுப்பேன்.

காரணம் செட்டிங். பற்களுக்கு இடையே ப்ளே, அதாவது இடைவெளி, 0.13 முதல் 0.18 மி.மீ.க்குள் நிற்க வேண்டும். பினியன் எவ்வளவு ஆழத்தில் உட்காருகிறது, பேரிங் எவ்வளவு இறுக்கம், சாயம் பூசிச் சுற்றினால் பல்லின் எந்த இடத்தில் தடம் விழுகிறது, எல்லாம் பார்க்க வேண்டும். இதில் கோட்டைவிட்டால் 80 கி.மீ.யில் ஊளை கேட்க ஆரம்பிக்கும், பிறகு எந்த எண்ணெய் ஊற்றினாலும் நிற்காது. இதையே தொழிலாகச் செய்யும் கை அகப்பட்டால் புதிய 4.88 தாராளமாகப் போடலாம், சுமை இழுக்கிற வண்டிக்கு அதுதான் சரி. போட்ட பிறகு முதல் பயணம் முப்பது கி.மீ.க்குள், அப்புறம் நன்றாக ஆறவிட வேண்டும். 800 கி.மீ. வரை டிரெய்லர் வேண்டாம், அதன் பிறகு ஜிஎல்-5 எண்ணெயை ஒருமுறை மாற்றிவிட வேண்டும்.

ஸ்பீடோமீட்டர் கேபிள் டிஃப்ரன்ஷியலுக்கு முன்னாலேயே, டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வருவதால் முள்ளும் மாறும். இப்போது 4.10-உம் பெரிய டயருமாக ஓட்டுகிறவர், முள் 100 காட்டும்போது உண்மையில் 109-இல் போய்க்கொண்டிருக்கிறார். 4.56 போட்டால் முள் ஏறக்குறைய உண்மை சொல்லும். 4.88 போட்டால் 100-இல் போகும்போது 108 என்று காட்டும். போலீஸ் நிற்கும் சாலையில் இந்தப் பொய் பரவாயில்லை.