புது வயரிங், 8 வருடம்: எது காப்பாற்றியது, எது படுத்தியது

வீட்டின் பழைய வயரை எல்லாம் உருவிப் போட்டுவிட்டு, புதிதாக இழுத்து 8 வருடம் ஆகிறது. அதற்கு முன்பு பீங்கான் கட்டை ஃபியூஸ்தான். எரிந்தால் ஏதாவது வயர் துண்டிலிருந்து ஒரு இழையை உருவி முறுக்கிப் போடுவேன். அடிக்கடி எரிந்தால் 2 இழை. ஃபியூஸைத் தடிப்பாக்கினால் அடுத்து எரிய வேண்டியது சுவருக்குள் போகும் வயர்தான் என்பது அப்போது உறைக்கவே இல்லை.

புது வயரிங்கில் டிபி பாக்ஸில் (எல்லா லைனும் பிரியும் பெட்டி) வைத்தவை: மெயின் ஸ்விட்ச், அதையடுத்து 40 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று (போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் ஒக்காமல் எங்காவது கசிந்தால் வெட்டுவது), பிறகு 10 எம்சிபி (ஒரு லைனில் அளவுக்கு மேல் கரண்ட் போனால் தானே விழுந்து, அதாவது ஆஃப் ஆகி, வெட்டுவது). எஸ்பிடி (மின்னல் போன்றவற்றால் திடீரென எகிறும் வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பிவிடுவது) பின்னால் வந்தது. லைட், ஃபேன் லைனுக்கு 1.5 ஸ்கொயர் எம்எம் வயர், பிளக்குகளுக்கு 2.5, கீசருக்கும் ஏசிக்கும் 4.

எம்சிபிகள் பெரிதாகப் படுத்தவில்லை. ஒரே ஒரு லைன் மட்டும் ஆரம்பத்தில் தொல்லை கொடுத்தது. ரூம் ஹீட்டரும் துணி தேய்ப்பதும் சேர்ந்துகொண்டால் அரை மணி நேரம் ஒழுங்காக ஓடிவிட்டு 16 ஆம்பியர் எம்சிபி விழும். "25 போட்டுவிட்டால் விழாது சார்" என்றார் பார்க்க வந்த எலக்ட்ரீஷியன். விழாதுதான். ஆனால் அந்த லைனில் இருப்பது 2.5 வயர், அதுவும் மற்ற வயர்களோடு ஒரே பைப்பில் நெருக்கிக்கொண்டு போகிறது. எம்சிபி காப்பது அந்த வயரை, ஹீட்டரை அல்ல. கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்தால் 21 ஆம்பியர் காட்டியது. உள்ளே இருக்கும் இரட்டை உலோகப் பட்டை சூடேறி வளைந்துதான் விடுவிக்கிறது, அதனால்தான் அந்தத் தாமதம். விதிப்படி, குறித்த அளவைப் போல் 1.45 மடங்கு போனால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும், 1.13 மடங்கு வரை அந்த ஒரு மணி நேரம் விழக் கூடாது. 21 இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஆக, எம்சிபி மேல் பிழை இல்லை. ஹீட்டருக்குத் தனி லைன் இழுத்தோம், தீர்ந்தது.

தண்ணீர் மோட்டார் ஸ்டார்ட் ஆகும் அந்த நொடியில் மட்டும் எம்சிபி விழுந்தது வேறு கதை. அங்கே பி வகை போட்டிருந்தார்கள். அது 3 முதல் 5 மடங்கு கரண்டிலேயே சட்டென்று விழும். சி வகைக்கு 5 முதல் 10 மடங்கு. ஆம்பியரைத் தொடாமல் எழுத்தை மட்டும் மாற்றினோம். அதன்பிறகு இன்றுவரை விழவில்லை.

இனி ஆர்சிசிபி. இந்த 8 வருடத்தில் நான் திட்டியதில் முக்கால்வாசி இதைத்தான். தேடிப் போனபோதெல்லாம் அது சொன்னது சரியாகவும் இருந்தது.

முதல் மழைக்காலத்திலேயே ஆரம்பித்துவிட்டது. பகலில் ஒன்றும் இல்லை. சாயங்காலம் எல்லோரும் வந்து லைட், ஏசி எல்லாம் ஓட ஆரம்பித்ததும் விழும். எல்லோரும் சொல்லும் வழியைத்தான் செய்தேன்: எல்லா எம்சிபியையும் இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக ஏற்று, எதை ஏற்றும்போது விழுகிறதோ அதுதான் குற்றவாளி. ஆனால் ஒரு நாள் கீசர் லைன் மாட்டியது, மறுநாள் ஏசி லைன், அதற்கடுத்த நாள் எதுவுமே மாட்டவில்லை. மூன்று வாரம் இப்படியே போனது. கடைசியில் வந்த ஒரு எலக்ட்ரீஷியன்தான் கேட்டார்: "எம்சிபி ஃபேஸை மட்டும்தானே வெட்டுது, நியூட்ரலை எது வெட்டுது?"

விஷயம் அதுதான். எங்கோ ஒரு நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், அந்த லைனின் எம்சிபி இறங்கியிருந்தாலும் தொடர்பு அப்படியே இருக்கும். மற்ற லைன்களில் போய்த் திரும்பும் கரண்டில் ஒரு பங்கு எர்த் வழியாக நழுவும். போனதும் வந்ததும் கணக்கு ஒக்காததால் ஆர்சிசிபி விழும். லோடு கூடினால் நழுவலும் கூடும், அதனால்தான் சாயங்காலம். மெயினை அணைத்துவிட்டு, நியூட்ரல் லிங்கிலிருந்து (எல்லா லைனின் நியூட்ரலும் வந்து சேரும் பட்டை) வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி எர்த்துக்கும் அதற்கும் இடையே மெகர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்த்தார். ஏழாவது வயர். மொட்டை மாடி லைட்டின் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கி, கனெக்டர் பச்சை பிடித்துக் கிடந்தது. எல்லா எம்சிபியும் ஆஃப், ஆனாலும் விழுகிறது என்றால் நியூட்ரலைப் பாருங்கள். இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் எனக்கு மூன்று வாரம் மிச்சம்.

அப்புறம் இன்வெர்ட்டர் மாட்டிய வாரம். மாட்டியவர்கள் இன்வெர்ட்டர் லைன்களின் ஃபேஸை மட்டும் பிரித்துவிட்டு, நியூட்ரலை எல்லாவற்றோடும் கலந்து விட்டிருந்தார்கள். ஒரு வழியாகப் போன கரண்ட் வேறு வழியாகத் திரும்பினால் ஆர்சிசிபி எப்படி நிற்கும்? அந்த லைன்களுக்கு நியூட்ரல் லிங்கையும் தனியாக்கி, அவற்றுக்கென்று ஓர் ஆர்சிசிபி வைத்தபிறகு அமைதியானது.

மூன்றாவது கீசர். போட்டுப் பத்து நிமிடம் கழித்து விழும். எலிமெண்டின் உறையில் விரிசல். பார்க்க வந்த ஒருவர் "எர்த் வயரைக் கழற்றிவிட்டால் டிரிப் ஆகாது" என்றார். கேட்டதும் எனக்குக் குளிரெடுத்தது. எர்த்தைக் கழற்றினால் கசிவு போய்விடாது. அடுத்து குழாயைத் தொடும் ஆள் வழியாகத் தரைக்குப் போகக் காத்திருக்கும். அவரை அனுப்பிவிட்டு எலிமெண்டை மாற்றினேன்.

இவ்வளவுக்கும் மேல் நானே செய்த தவறு ஒன்று உண்டு. ஆர்சிசிபியில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அவ்வப்போது அழுத்த வேண்டும். முதல் வருடம் மாதாமாதம் அழுத்தினேன். பிறகு கடிகாரமெல்லாம் நேரம் மாறுகிறது என்று வீட்டில் சலித்துக்கொண்டார்கள், விட்டுவிட்டேன். ஐந்தாவது வருடம் ஒரு நாள் அழுத்தினால் ஒன்றும் ஆகவில்லை. லிவர் அசையவே இல்லை. எத்தனை மாதமாக அது வெறும் பொம்மையாக நின்றது என்று தெரியாது. புதியது வாங்கும்போதுதான் முன்பு இருந்தது ஏசி டைப் (ஏசி கரண்ட் கசிவை மட்டும் உணர்வது) என்று கவனித்தேன். வாஷிங் மெஷினிலும் புது ஏசியிலும் எலக்ட்ரானிக்ஸ் இருப்பதால், துடிக்கும் டிசி கசிவையும் உணரும் ஏ டைப் வாங்கினேன்.

பட்டன் வேலை செய்கிறது என்பதால் எர்த் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பட்டன் உள்ளேயே ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கணக்கைக் குலைத்துப் பார்க்கிறது, அவ்வளவுதான். எர்த்தே இல்லாத வீட்டிலும் விழும். அதேபோல, தரையோடு தொடர்பில்லாமல் நின்றுகொண்டு ஒரு கையால் ஃபேஸையும் மறு கையால் நியூட்ரலையும் பிடித்தால் ஆர்சிசிபிக்கு நீங்களும் ஒரு பல்புதான்.

இரண்டுமே கண்டுபிடிக்காத ஒன்றும் நடந்தது. 16 ஆம்பியர் சாக்கெட் ஒன்றிலிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை. திறந்தால் ஸ்க்ரூ தளர்ந்து, வயர் முனை பழுப்பேறி, சாக்கெட்டின் பின்பக்கம் உருகியிருந்தது. அதில் போனது சாதாரண கரண்ட், எர்த்துக்கும் எதுவும் கசியவில்லை. எனவே எம்சிபிக்கும் தெரியாது, ஆர்சிசிபிக்கும் தெரியாது. அதிலிருந்து வருடம் ஒரு முறை ஆள் வைத்து பாக்ஸிலும் பெரிய சாக்கெட்டுகளிலும் எல்லா ஸ்க்ரூவையும் இறுக்கிவிடுகிறேன். மெயினை அணைத்தாலும் அதன் உள்வரும் முனையில் கரண்ட் இருக்கும், அதனால் அந்த வேலையில் நான் கை வைப்பதில்லை.

எஸ்பிடி ஜன்னல் ஆறாவது வருடம் பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறியது. உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜை மாற்றினேன். சரியான எர்த் இல்லாமல் இதைப் போடுவது வீண்.

மறுபடி செய்தால் எதை மாற்றுவேன் என்றால், இன்வெர்ட்டர் லைன்கள் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் ஒரே ஆர்சிசிபி என்பதை. கம்ப்யூட்டர், எல்இடி டிரைவர் என்று ஒவ்வொன்றும் இயல்பாகவே கொஞ்சம் கசியும். 30 என்று எழுதியிருந்தாலும் 15 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே அது விழலாம். எல்லாம் கூடி அந்த விளிம்பில் நிற்கும்போது எங்கோ ஒரு சின்னக் கசிவு வந்தால் அதில் இருக்கும் எல்லா லைனும் போய்விடும். ஊருக்குப் போயிருந்த 4 நாளில் ஒரு முறை இப்படி விழுந்து, திரும்பி வந்து ஃபிரிட்ஜைத் திறந்த வாடை இன்னும் மறக்கவில்லை. ஃபிரிட்ஜ், கீசர், வெளி லைட் மூன்றுக்கும் தனித்தனி ஆர்சிபிஓ (எம்சிபி, ஆர்சிசிபி இரண்டின் வேலையையும் ஒன்றே செய்வது) போடச் சொல்லியிருக்கிறேன். அந்த லைன்களின் நியூட்ரலும் அதனதன் ஆர்சிபிஓவுக்குள் போயாக வேண்டும். பழைய லிங்கில் எது எந்த லைன் என்று யாரும் எழுதி வைக்கவில்லை, முதலில் அதைத்தான் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறோம்.