ஸ்விஃப்டுக்கு அலுமினிய பெடல் போட்டேன்: கடைக்காரர் சொல்லாத சில விஷயங்கள்

ஆக்ஸிலேட்டர் பெடல் மேல் பளபளவென்று அலுமினியத் தகடு மாட்டினால் வண்டி பறக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என் ஸ்விஃப்ட் 2018 மாடல், பெட்ரோல், மேனுவல் கியர். அதன் 83 குதிரைத்திறன் தகடு போடும் முன்பும் 83தான், போட்ட பிறகும் 83தான். நான் போட்டது கால் வழுக்கக் கூடாது என்பதற்காக. அந்த ஒரு வேலையை இது நன்றாகச் செய்கிறது. ஆனால் மாட்டுகிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

எனக்கு ஈரோட்டில் மஞ்சள் தரகு. விற்பனைக் கூடம், குடோன், மண்டி என்று சுற்றிவிட்டு வண்டியில் ஏறினால் செருப்பின் அடியில் மாவு பூசியது மாதிரி மஞ்சள் தூசி இருக்கும். அது எவ்வளவு வழுக்கும் என்பது மஞ்சளில் புழங்குகிறவர்களுக்குத் தெரியும். பிரேக்குக்கும் கிளட்சுக்கும் மேலே ரப்பர் உண்டு. ஆக்ஸிலேட்டர் வெறும் கறுப்பு பிளாஸ்டிக். அதில் இருந்த வரிகள் வலது ஓரத்தில் தேய்ந்து கண்ணாடி மாதிரி ஆகியிருந்தன. சத்தியமங்கலம், பண்ணாரி தாண்டி, திம்பம் ஏறி, ஆசனூர் வழியாகச் சாம்ராஜ்நகர் போவது எனக்கு வாடிக்கை. திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவுகள். முன்னால் கரும்பு லாரி திணறிக்கொண்டு நிற்க, பின்னால் பஸ் ஹாரன் அடிக்க, ஏற்றத்தில் கிளட்சை விட்டு ஆக்ஸிலேட்டரை அழுத்துகிற நேரத்தில் கால் வழுக்கினால் வண்டி பின்னால் உருளும்.

பெருந்துறை ரோட்டில் ஒரு கடையில் வாங்கினேன். கடைப் பெயர் வேண்டாம். மூன்று பெடலுக்கும் சேர்த்து ஒரு செட் 950 ரூபாய், மாட்டுக்கூலி 200. பெட்டியில் கம்பெனிப் பெயர் இல்லை. நல்ல கனமான அலுமினியம். ஓட்டை போட்டு, ஒவ்வொரு ஓட்டையிலும் சின்ன ரப்பர் குமிழ் செருகியிருக்கிறார்கள். இதே தோற்றத்தில் 400 ரூபாய்க்கும் ஒரு செட் இருந்தது. காந்தத்தை வைத்துப் பார்த்தேன், ஒட்டிக்கொண்டது. அது தகரத்துக்குப் பாலிஷ் போட்டது. வாங்கப் போகிறவர்கள் ஒரு காந்தம் எடுத்துப் போங்கள்.

மாட்டுகிற விதத்தில் மூன்று வகை கிடைக்கிறது. முதல் வகை, பின்னால் கொக்கி போட்டு ஸ்குரூவால் இறுக்குவது. பெடலில் ஓட்டை போட வேண்டாம் என்பதால் பலரும் இதைத்தான் கேட்கிறார்கள். இரண்டாவது, அந்தந்த மாடலுக்கென்று வருகிற உறை. பெடல் மேல் அப்படியே ஏற்றிவிடலாம். மூன்றாவது, பெடலையே துளைத்து போல்ட் போடுவது. கொக்கி வகையை நான் தொடவே மாட்டேன். என் மச்சான் வண்டியில் அதுதான் இருந்தது. கொக்கி தளர்ந்து பிரேக் தகடு கொஞ்சம் கொஞ்சமாக வலது பக்கம் நகர்ந்து, பிரேக்கை மிதிக்கும்போது ஷூவின் ஓரம் ஆக்ஸிலேட்டரிலும் படுகிற அளவுக்கு வந்துவிட்டது. அவர் வண்டியை எடுத்து குடோன் வாசலில் திருப்பும்போது எஞ்சின் உறுமியதில்தான் எனக்கே தெரிந்தது.

உறை வகை பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அது நழுவாமல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. 2024 ஏப்ரலில் அமெரிக்காவில் டெஸ்லா தன்னுடைய சைபர்டிரக் வண்டிகள் 3,878ஐ திரும்ப அழைத்தது. காரணம் இதே பெடல் தகடுதான். தொழிற்சாலையில் தகட்டை எளிதாக ஏற்றுவதற்காகச் சோப்பு தடவியிருக்கிறார்கள். அந்தச் சோப்பின் மிச்சம் உள்ளே தங்கி, தகடு மேல்நோக்கி நழுவி, மேலே இருக்கிற பிளாஸ்டிக் மறைப்பில் போய் மாட்டிக்கொண்டது. ஆக்ஸிலேட்டர் அழுந்தியபடியே நின்றுவிடும். தீர்வு என்ன தெரியுமா? ஒரு ரிவெட். அவ்வளவு பெரிய கம்பெனி கடைசியில் வந்து நின்ற இடம் நம்மூர் பட்டறையில் முதலில் செய்கிற வேலை.

அதனால் எனக்குத் துளைத்து மாட்டுகிற வகைதான் வேண்டும் என்று சொன்னேன். கடைப் பையன் டிரில் மெஷினைத் தூக்கிக்கொண்டு நேராகக் காருக்குள் தலையை விட்டான். “தம்பி, அப்படியே வேண்டாம், கழற்றிவிட்டுப் போடலாம்” என்றேன். “அஞ்சு நிமிஷ வேலைங்ணா, எல்லா வண்டிக்கும் இப்படித்தான் போடறோம்” என்றான். நான் விடவில்லை.

காரணம் இருக்கிறது. பழைய அம்பாசடர், பழைய மாருதி 800 காலத்தில் ஆக்ஸிலேட்டர் என்றால் ஒரு கம்பியும் கேபிளும்தான். இப்போது கேபிளே கிடையாது. பெடலின் மேல்பகுதியில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அதற்குள் சென்சார். நீங்கள் எவ்வளவு அழுத்தியிருக்கிறீர்கள் என்பதை வோல்டேஜாக எஞ்சின் கம்ப்யூட்டருக்கு அனுப்புவது அதன் வேலை. ஒரே சிக்னல் போதாதென்று இரண்டு வைத்திருப்பார்கள். பல வண்டிகளில் ஒன்று மற்றதில் பாதி அளவு காட்டும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் கம்ப்யூட்டர் யாரையும் நம்பாது. செக் எஞ்சின் விளக்கு எரியும், ஸ்கேனரில் பி 2138 மாதிரி ஒரு பிழைக் குறியீடு (கோடு) வரும், வண்டி சக்தி குறைந்து மெதுவாகத்தான் ஓடும். வண்டிக்குள் குனிந்துகொண்டு டிரில் போடும்போது பிட் வழுக்கி அந்தப் பெட்டியில் பட்டாலோ, பெடலைப் பக்கவாட்டில் நெம்பினாலோ 950 ரூபாய்ச் செலவு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. முழு பெடல் அசெம்பிளியையே வெளிமார்க்கெட்டில் வாங்கி மாற்றலாமா என்று கேட்கிறவர்களுக்கும் இதே பதில்தான். கம்பெனி பார்ட் நம்பர் ஒத்துப்போனால் ஒழிய அதில் கை வைக்காதீர்கள்.

சாவியை எடுத்துவிட்டு, சென்சாரின் ஒயர் சாக்கெட்டைப் பிடுங்கி, ஸ்பேனரில் பெடலைக் கழற்றி மேஜை மேல் வைத்துத் துளைத்தான். சாக்கெட் கழன்றிருக்கும்போது மட்டும் இக்னிஷனைப் போடக் கூடாது. போட்டால் கம்ப்யூட்டர் பிழைக் குறியீடு பதிந்துகொள்ளும். இரண்டு ஆலன் போல்ட். பெட்டியில் கொடுத்திருந்தது சாதா நட். பக்கத்து ஹார்டுவேர் கடையில் எளிதில் தளராத நைலாக் நட்டும் அகலமான வாஷரும் வாங்கி வந்து கொடுத்தேன். பிளாஸ்டிக்கை இறுக்கிப் பிடிக்கும்போது வாஷர் சின்னதாக இருந்தால் நட் உள்ளே புதைந்து, நாளாக நாளாகத் தளரும்.

இனிச் சொல்வது யாரும் கவனிக்காத இடம். போல்ட் நீளம். மாட்டி முடித்ததும் பெடலின் முதுகுப் பக்கம் விரலை விட்டுப் பார்த்தேன். நட்டைத் தாண்டி போல்ட் முனை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் துருத்திக்கொண்டிருந்தது. பெடலைத் தரைவரை அழுத்தினால் அந்த முனை கார்பெட்டில் குத்துகிறது. குத்துவது என்றால் சும்மா படுவதில்லை, பஞ்சில் ஊசி நுழைவது மாதிரி கார்பெட்டின் நாருக்குள் நுழைந்து, காலை எடுத்ததும் ஒரு கணம் தயங்கித்தான் திரும்பி வருகிறது. பெடலைத் திரும்ப மேலே தள்ளுவதற்கு உள்ளே ஸ்பிரிங்குகள் உண்டு. வழக்கமாக ஒன்று உடைந்தாலும் மற்றது வேலை செய்கிற மாதிரி இரண்டு வைப்பார்கள். ஆனால் நாரில் மாட்டுகிற போல்டை யோசித்து யாரும் ஸ்பிரிங் செய்யவில்லை. மறுபடி கழற்றி, ஹேக்ஸா பிளேடில் முனையை அறுத்து, அரம் போட்டு மழுக்கின பிறகுதான் நான் காசு கொடுத்தேன். பையன் முகத்தில் சலிப்பு. இருக்கட்டும்.

அடுத்தது மேட். என் வண்டியில் இப்போது எல்லோரும் போடுகிற 7டி மேட் இருந்தது. தடிமனாக, மெத்தை மாதிரி. புதுத் தகடு பழைய பெடலைவிடக் கீழே ஒரு விரல்கடை நீளம் அதிகம். முழுக்க அழுத்தினால் தகட்டின் கீழ் விளிம்பு மேட்டில் இடிக்கிறது. இதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்வது கஷ்டம். நான் எஞ்சின் கம்ப்யூட்டர் தகவலைப் போனில் காட்டுகிற ஒபிடி ப்ளூடூத் கருவியைச் செருகி, எஞ்சினை ஓட்டாமல் இக்னிஷன் மட்டும் போட்டு, போனில் ஆக்ஸிலேட்டர் பெடல் பொசிஷன் பார்த்தேன். ஒரு விஷயம்: முழுக்க அழுத்தினாலும் பல வண்டிகளில் அது நூறு காட்டாது, அது சென்சார் வோல்டேஜின் சதவீதம். அதனால் பெரிதாகப் பதறாமல், தகடு போடுவதற்கு முன்பு முழு அழுத்தத்தில் எவ்வளவு காட்டியது, பின்பு எவ்வளவு காட்டுகிறது என்று ஒப்பிட்டால் போதும். மேட்டோடு பார்த்தால் குறைந்தது, மேட்டை எடுத்ததும் பழைய அளவுக்கே வந்தது. அன்றைக்கே 7டி மேட் வீட்டுத் திண்ணைக்குப் போய்விட்டது. வண்டியோடு வந்த மெல்லிய மேட்டை, அதன் கொக்கியில் மாட்டிப் போட்டிருக்கிறேன்.

மேட் விஷயத்தில் நான் ரொம்ப அலட்டிக்கொள்வதாக வீட்டில் சொல்கிறார்கள். 2009இல் டொயோட்டா அமெரிக்காவில் சுமார் 38 லட்சம் வண்டிகளை எதற்குத் திரும்ப அழைத்தது? மேட் நகர்ந்து ஆக்ஸிலேட்டரைப் பிடித்துக்கொள்ளக்கூடும் என்பதற்காக. அந்த ஆண்டு ஆகஸ்டில் சான் டியகோ பக்கம் ஒரு லெக்சஸ் வண்டியில் நான்கு பேர் இறந்தார்கள். அதில் வேறு மாடலுக்கான ரப்பர் மேட் போட்டிருந்தது. பிறகு டொயோட்டா செய்த வேலைகளில் ஒன்று, பெடலின் கீழ்ப்பகுதியை வெட்டிக் குட்டையாக்கியது. அவர்கள் பெடலை வெட்டிக் குறைத்தார்கள், நாம் காசு கொடுத்து நீட்டிக்கொள்கிறோம். அப்புறம் எப்படிச் சும்மா இருப்பது?

சரி, ஓட்டிப் பார்த்த கதைக்கு வருகிறேன். மழையில் திம்பம் ஏறினேன். பண்ணாரி அம்மன் கோயில் வாசலில் இறங்கிச் சேற்றை மிதித்துவிட்டு ஏறிய அதே செருப்பு. ஆக்ஸிலேட்டரில் பாதம் வைத்த இடத்தில் நிற்கிறது. பிரேக்கில் பழைய ரப்பரைவிடப் பிடிப்பு நன்றாகத் தெரிகிறது. ஆக்ஸிலேட்டர் தகட்டின் இடது ஓரம் பிரேக் பக்கம் சற்று நீண்டிருப்பதால், இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே பாதத்தின் வலது ஓரத்தால் ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி, மூன்றிலிருந்து இரண்டாவது கியருக்கு உலுக்காமல் இறக்க முடிகிறது. கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பையன்கள் செய்வது இதைத்தான். எனக்கு ஐம்பதை நெருங்குகிற வயது. வளைவில் லாரி வராதபோது மட்டும் செய்துகொள்கிறேன்.

தொந்தரவும் இருக்கிறது. முதலாவது சூடு. நம்மில் பாதிப் பேர் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஓட்டுகிறவர்கள். சித்திரை மாதம் மண்டி வாசலில் வெயிலில் நிறுத்திய வண்டியில் ஏறி வெறுங்காலை அந்தத் தகட்டில் வைத்துப் பாருங்கள், தோசைக்கல்தான். ரப்பர் குமிழ்கள் உள்ளங்காலில் குத்துவது வேறு. வெறுங்கால்காரர்களுக்கு இது வேண்டாம். இரண்டாவது, அந்தக் குமிழ்கள் சும்மா செருகியவை. கிளட்சில் ஒன்றிரண்டு கழன்றன. தேடி எடுத்து ஃபெவிக்விக் வைத்து ஒட்டினேன்; மற்றவற்றுக்கும் முன்கூட்டியே ஒரு சொட்டு வைத்துவிட்டேன். மூன்றாவது, மஞ்சள் தூசி ஓட்டைகளில் அடைந்து காய்ந்துவிடுகிறது. பழைய பல் பிரஷால் தேய்க்க வேண்டியிருக்கிறது. தேய்க்காவிட்டால் வாங்கிய காரியமே வீண்.

என் மனைவியும் இதே வண்டியை ஓட்டுவாள். “பிரேக் கொஞ்சம் மேலே வந்த மாதிரி இருக்குதுங்க” என்றாள் முதல் நாளே. சரியாகத்தான் சொன்னாள். தகட்டின் தடிமன் மூன்று பெடலிலும் ஏறியிருக்கிறது. அதனால்தான் மூன்றையும் சேர்த்துப் போட வேண்டும். ஆக்ஸிலேட்டருக்கு மட்டும் போட்டால் அது பிரேக்கின் உயரத்துக்குக் கிட்டே வந்துவிடும். அவசரத்தில் பிரேக்கை மிதிக்கிற கால் இரண்டிலும் படும்.

கடைக்காரர் இதோடு விடவில்லை. “அண்ணா, பெடலுக்கும் ஒயருக்கும் நடுவுல ஒரு பாக்ஸ் மாட்டிடலாம், பிக்கப் சும்மா அள்ளும்ணா” என்றார். பல ஆயிரம் ரூபாய் சமாசாரம். அது செய்வது இவ்வளவுதான்: நீங்கள் பாதி அழுத்தினால் முக்கால் அழுத்தியதாகக் கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும். முழுக்க அழுத்தினால் இருக்கிற சக்திதான் வரும். அதைக் காலாலேயே செய்துகொள்ளலாமே, காசு எதற்கு? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பிரேக், கிளட்ச் ரப்பர் தேய்ந்ததுதான் உங்கள் பிரச்சினை என்றால் இந்த செட்டே தேவையில்லை. கம்பெனி ரப்பர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் மிகக் குறைந்த விலையில் கிடைக்கிறது, கையாலேயே இழுத்து மாட்டிக்கொள்ளலாம். எண்ணெய், தூசி, சேறு என்று புழங்குகிற காலாக இருந்து, ஷூவோ செருப்போ போட்டே ஓட்டுகிறவராக இருந்தால் இந்த 950 ரூபாய் தாராளமாகக் கொடுக்கலாம். வாரண்டி இருக்கிற புது வண்டி என்றால் துளை போடும் முன் சர்வீஸ் சென்டரில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஏஜிஎஸ் (கிளட்ச் பெடல் இல்லாத ஆட்டோ கியர்) வண்டிக்காரர்கள் இரண்டு பெடல் செட்டாகக் கேட்டு வாங்குங்கள். கடையில் மூன்று பெடல் செட்டையே பிரித்துக் கொடுத்து, கிளட்ச் தகட்டை உங்கள் கையில் திணிக்கப் பார்ப்பார்கள். அதில் வருகிற பிரேக் தகடு மேனுவல் வண்டிக்கான அளவு, உங்கள் அகலமான பிரேக்குக்குப் பொருந்தாது.