மட்டக்களப்பு மாரியில் பாஸ் தூண்டில் சாமான்கள்: நீண்டகாலப் பாவனையில் கண்டவை

பாஸ் எங்கள் வாவியிலும் இல்லை, குளங்களிலும் இல்லை. அது வட அமெரிக்க நன்னீர் மீன். ஆனால் விராலுக்கும் கொடுவாவுக்கும் என்று நாம் வாங்கும் ரொட், ரீல், லூர்களில் (லூர் என்றால் பொய்யிரை) பெரும்பங்கு பாஸுக்காகச் செய்தவைதான். அவற்றோடு வரும் குளிர்காலப் பாடங்களும் தண்ணீர் 10 பாகை செல்சியஸுக்குக் கீழே போகும் ஏரிகளுக்கானவை. கார்த்திகையில் வாடை எழும்பித் தை முடியும்வரை அந்தப் பாடங்களை இங்கே அப்படியே செய்தால் வெறுங்கையோடு வர வேண்டியதுதான். பாதி பொருந்தும்: மெதுவாக இழு, நிறுத்து, காத்திரு. சின்ன லூர், மெல்லிய நூல், இயற்கை நிறம் என்ற மறுபாதியை மாரி முடியும்வரை ஒதுக்கி வைத்துவிடலாம். அங்கே குளிர்காலத் தண்ணீர் பெரும்பாலும் தெளிவு. இங்கே மாரித் தண்ணீர் கலங்கல்.

உறைகுளிர் ஏரியில் பாஸ் ஆழத்துக்கு இறங்கும். நன்னீர் 4 பாகையில்தான் மிக அடர்த்தியாக இருக்கும், ஆகவே அங்கே அடித்தண்ணீர்தான் கொஞ்சமாவது சூடானது. உன்னிச்சைக் குளத்திலோ சாகாமக் குளத்திலோ இந்தக் கணக்கு இல்லை. கூதல் எவ்வளவு அடித்தாலும் தண்ணீர் 20 பாகைக்கு மேலேதான் நிற்கும். விரால் ஆழத்தைத் தேடி ஓடாது, கரையோரப் புல்லையும் தாமரையையும் விடாது. அதன் அசைவுதான் குறையும். விரால் மேலே வந்து காற்றுக் குடிக்காமல் உயிர்வாழ முடியாத மீன். தண்ணீர் குளிர்ந்தால் உடலுக்கு வேண்டிய ஒட்சிசன் குறைவு, அதனால் அது மேலே வரும் இடைவெளி நீளும். பங்குனியில் ஒரே இடத்தில் பலமுறை "ளப்" என்று கேட்கும். மார்கழியில் ஒருமுறை கேட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும். எனவே மீன் எழும்பின இடத்தைக் கண்ணால் குறித்துவைத்து, இரண்டு மீற்றர் தாண்டி எறிந்து, அந்த இடத்துக்கு லூரைக் கொண்டுவந்து நிறுத்துவதுதான் மாரிக்கால வேலை. குளம் முழுக்க எறிந்து தேடுவதில் பயன் குறைவு.

வாவியில் நிலைமை வேறு. படுவான்கரையிலிருந்து இறங்கும் வெள்ளம் நன்னீர், பாரம் குறைந்தது, மேலே பரவும். உவர்நீர் கீழே தங்கும். மழை பெய்து சில நாள்வரை மேற்படை குளிராகவும் மண்ணிறமாகவும் இருக்க, அதன்கீழே சூடும் உப்பும் கூடிய படை இருக்கும். நீரோட்டம் பலமானால் இரண்டும் கலந்துவிடும். படைகள் பிரிந்திருக்கும் நாட்களில் மேலே ஓட்டும் லூருக்குக் கொடுவா எழும்புவது அபூர்வம். 10 முதல் 14 கிராம் ஜிக் தலையில் (ஈயத்தலை வைத்த முள்) 4 அங்குல மென்மீனை (மீன் வடிவ மென்லூர்) கோர்த்து, அடியில் பட்டதும் ரொட்டை அரை முழம் உயர்த்தி, நூல் தளராமல் மறுபடி இறக்க வேண்டும். கடி பெரும்பாலும் இறங்கும்போதுதான் வரும். கல்லடி, வலையிறவு, மண்முனை, பட்டிருப்புப் பாலங்களின் தூண்களுக்குப் பின்னால் ஓட்டம் மடங்கி அமைதியாகும் இடம் முதலிடம். முகத்துவாரம் வெட்டுப்பட்டு வாவி வடியும் நாட்களில் ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கமாக எறிந்து, லூரை நீர் தானாகத் தூணருகே கொண்டுவர விட வேண்டும். அப்போது 14 கிராமும் போதாது, 21 வேண்டியிருக்கும்.

சஸ்பென்டிங் மினோவும் உப்பும்

பாஸ்காரர்கள் குளிரில் அதிகம் நம்பும் லூர் சஸ்பென்டிங் மினோ, சின்ன மீன் வடிவக் கடினலூர். இழுத்துவிட்டு நிறுத்தினால் மிதக்கவும் மாட்டாது, தாழவும் மாட்டாது, அந்தரத்தில் நிற்கும். கொடுவாவுக்கு மாரியில் இதைவிட நல்ல கடினலூர் இல்லை என்பதே பல மாரிகளின் முடிவு. ஆனால் வாவியில் இது ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. அதற்குக் காரணம் உப்பு, லூரில் பிழையில்லை.

கணக்கு எளிது. 10 கிராம் சஸ்பென்டிங் லூர் ஏறத்தாழ 10 மில்லிலீற்றர் தண்ணீரை விலக்குகிறது. தண்ணீரில் உப்பு ஆயிரத்துக்கு 10 பங்கு கூடினால் அதே லூரின் மிதப்பு 0.07 அல்லது 0.08 கிராம் கூடுகிறது. கேட்கச் சின்ன எண், ஆனால் அந்தரத்தில் நிற்கும் லூரை மேலே தூக்க அது போதும். நன்னீருக்கெனச் செய்த லூர் மார்கழி வெள்ளத்தில் அழகாக நிற்கும். மாசியில் உப்பு ஏறினதும் அதே லூர், அதே இடத்தில், நிறுத்தின உடனே மேலே கிளம்பும். கடலுக்கெனச் செய்தது மறுபக்கம்: மாரியில் நேரே அடிக்குப் போய்ச் சாதாழையில் சிக்கும்.

திருத்துவதற்கு றேடியோ, ரீவி திருத்தும் கடையில் கிடைக்கும் சோல்டர் ஈயக் கம்பி போதும். 0.8 மில்லிமீற்றர் கம்பியில் 2.3 சென்ரிமீற்றர் நீளம் ஏறத்தாழ 0.1 கிராம். எறியும் இடத்துத் தண்ணீரையே வாளியில் மொண்டு, ஸ்னாப் (லூரை நூலில் கொழுவும் கொளுக்கி) மாட்டி, லூரை விட்டுப் பாருங்கள். மேலே வந்தால் வயிற்றுப்பக்க மூமுள்ளின் (மூன்று நுனி முள்) தண்டில் ஒரு சுற்றுக் கம்பியைச் சுற்றிப் பாருங்கள். கடைசியில் மூக்குச் சற்றுத் தாழ்ந்து, லூர் அப்படியே நிற்க வேண்டும், அல்லது மிக மெல்லத் தாழ வேண்டும். பின்முள்ளில் சுற்றினால் வால் தொங்கும், ஆட்டம் கெடும். தாழ்கிற லூருக்கு மூமுள்ளை ஓர் அளவு குறைக்கலாம், அல்லது பின்னால் ஒற்றைமுள் போடலாம். பெரிய கொடுவா நிற்கும் இடத்தில் மட்டும் மெல்லிய முள்ளுக்கு இறங்க வேண்டாம், நிமிர்ந்துவிடும். வேறு முள், வளையம், லீடர் (நூல் முனையில் கட்டும் தடித்த நூல்) எதை மாற்றினாலும் வாளிச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும்.

நிறுத்தும் நேரம்: பாஸுக்கு 10, 20, 30 விநாடிகூடச் சொல்வார்கள். கொடுவாவுக்கு 3 முதல் 5 போதும். அதற்குமேல் நிறுத்தினால் ஓட்டம் லூரை இழுத்துப் போய்விடும், நூலும் வளைந்து கடி தெரியாது. இரண்டு சின்ன வெட்டு, நிறுத்தம், ஒரு வெட்டு, நீண்ட நிறுத்தம். வெட்டு முடிந்ததும் ரொட் நுனியைக் கொஞ்சம் லூர்ப்பக்கம் தள்ளிக் கொடுங்கள். நூல் இறுக்கமாக இருந்தால் லூர் நிற்காது, முன்னுக்கு நகர்ந்துகொண்டே இருக்கும்.

கலங்கலில் நிறம், சத்தம்

வெள்ளநீரில் மீன் லூரைப் பார்ப்பதைவிட உணர்வதே அதிகம். உள்ளே குண்டு குலுங்கும் லூர், அகன்ற கரண்டித் தகடு வைத்த ஸ்பின்னர்பெயிட், தடித்த வால் அடிக்கும் மென்மீன் ஆகியவை எடுக்கும். நீண்ட இலைத் தகடு மினுக்கத்துக்கானது, தெளிந்த தண்ணீரில்தான் அது பலிக்கும். நிறத்தில் விராலுக்குக் கறுப்பு. மேகமூட்டமான வானத்தைப் பின்னால் வைத்துக் கீழிருந்து பார்க்கும் மீனுக்குக் கறுப்பின் உருவம்தான் தெளிவாக விழும். கொடுவாவுக்குப் பொன்னிறமும் பச்சைமஞ்சளும். பிளேட்பெயிட், ட்ரொப்ஷொட் முதலிய குளிர்கால பாஸ் முறைகள் சாதாழையையும் சல்வினியாவையும் அள்ளுவதில்தான் வல்லவை. இங்கே அவற்றுக்குச் செலவழிக்க வேண்டியதில்லை.

வெற்றுடல் தவளை (உள்ளே வெறுமையான மென் தவளை லூர்) விராலுக்கு இன்றும் முதல் லூர். ஆனால் முள் வெளிவரும் துளையால் தண்ணீர் புகுந்து, சில எறிதலில் பின்பக்கம் தாழும். ஒவ்வொரு எறிதலுக்கு முன்னும் வயிற்றைப் பிதுக்கித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். முள் நுனிகள் உடலோடு ஒட்டிக் கிடந்தால் குறட்டால் மிகச் சிறிதாக வெளிப்பக்கம் விரித்துவிடுங்கள், தவறும் கடிகள் குறையும். அளவுக்கு மிஞ்சி விரித்தால் புல்லில் கொழுவும். கூதல் காலையில் விரால் தவளையைத் தள்ளிவிட்டுப் போனால் மறுபடி அதே இடத்துக்குத் தவளையை எறியாமல், பாரமில்லாத முள்மறைத்த மென்புழுவைப் போடுங்கள். மெல்லத் தாழ்வதை அது பெரும்பாலும் விடாது. வெயில் காட்டும் நாளில் காலை ஒன்பது, பத்து மணிக்குப் பிறகு கரையோரம் சூடேறும்போது எறிவது விடியலைவிட நல்லது.

மென்லூரில் இரண்டு வகை. வழமையான பிவிசி தாழும், மலிவு, ஆனால் பேத்தை (உப்பி வீங்கும் மீன்) ஒரே கடியில் வாலைக் கொண்டுபோய்விடும். ரப்பர்போல இழுபடும் டிபிஈ பிளாஸ்டிக் வகை மிதக்கும், ஜிக் தலையில் அடியில் வாலை உயர்த்தி நிற்கும், பேத்தைக் கடிக்கும் நின்றுபிடிக்கும். மெதுவான மாரி மீன்பிடிக்கு இரண்டாவதே சிறந்தது. இரண்டையும் ஒரே பெட்டியில் கலந்து போடக் கூடாது. ஒன்றோடொன்று பட்டு உருகிப் பசையாகும். டிபிஈயை அது வந்த பையிலேயே வையுங்கள்.

ரொட், நூல்

ரொட்டில் அதிகம் சொல்ல இல்லை: 7 அடி, மீடியம் ஹெவி, 10 முதல் 30 கிராம்வரை எறிவது, 3000 அளவு ரீல். தாமரைக்குள் விரால் என்றால் இதைவிடப் பலமான ரொட்டும் பிஈ 4 பிரெய்ட்டும் (பின்னல் நூல், பிஈ எண் அதன் தடிப்பளவு). வாவியில் பிஈ 2, அதாவது ஏறத்தாழ 0.235 மில்லிமீற்றர், 150 மீற்றர். ஸ்பூலில் முதலில் சில சுற்றுத் தங்கூசி போட்டுப் பிறகு பிரெய்ட்டைச் சுற்ற வேண்டும். நேரே பிரெய்ட் சுற்றினால் பெரிய மீன் இழுக்கும்போது முழுச்சுற்றும் ஸ்பூலில் வழுக்கும், பார்க்க ட்ராக் (மீன் இழுத்தால் நூலை விட்டுக்கொடுக்கும் பிடி) பழுதானதுபோல இருக்கும். கொடுவாவின் செவுள் மூடி விளிம்பு கத்தி மாதிரி. லீடர் 40 இறாத்தலுக்குக் குறையக் கூடாது, நீளம் ஒரு மீற்றர் போதும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் லீடரின் கடைசி முழத்தை விரலால் தடவிப் பார்த்து, சொரசொரப்பு இருந்தால் வெட்டிக் கட்டுங்கள்.

வாடையில் பிரெய்ட்டின் பெரிய தொல்லை காற்றுமுடிச்சு. தளர்ந்து சுற்றிய ஒரு வளையம் அடுத்த எறிதலில் மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு வரும். லூர் தண்ணீரில் விழுமுன் விரலால் நூலைத் தடுத்து, பெயில் வளையத்தைக் கையால் மூடி, ஒருமுறை நூலை இறுக்கிவிட்டுச் சுற்றத் தொடங்கினால் அநேகமாக வராது. பாரமற்ற மென்புழுவோடு காற்றுக்கு எதிரே எறிவதைத் தவிர்க்கலாம். பிரெய்ட்டின் நிறம் போவதால் பலம் போகாது. மயிர் கிளம்பினால்தான் கவனிக்க வேண்டும். ஒரு மாரி முடிந்ததும் நூலைத் திருப்பிச் சுற்றினால், அடியில் கிடந்த புதுநூல் மேலே வரும், இன்னொரு மாரி ஓடும்.

ரீல் எங்கே முதலில் சாகும்

குளிர்நாட்டில் கிரீஸ் இறுகி ரீல் பாரமாகும். இங்கே அந்தப் பிரச்சினை இல்லை. உப்பும் ஈரமும்தான் கொல்கின்றன. முதலில் போவது லைன்ரோலர் (நூல் திரும்பும் சின்ன உருளை) பெயரிங். அது சுற்றாமல் நின்றால் நூல் முறுக்கேறும், ரோலரில் கோடு விழும், இழுக்கும்போது கீச்சொலி வரும். விரல் நகத்தால் ரோலரைச் சுற்றிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். வாவிப் பயணம் ஒவ்வொன்றுக்குப் பிறகும் ட்ராக்கை இறுக்கி, நன்னீரை மென்மையாகத் தெளித்துக் கழுவி, துடைத்து, ட்ராக்கைத் தளர்த்தி, ரோலரில் ஒரு துளி எண்ணெய். குழாயை வேகமாகத் திறந்து அடித்தால் உப்பு உள்ளேதான் போகும். ஈரத்தோடு ட்ராக்கை இறுக்கி வைத்தால் வாஷர் ஒட்டிக்கொண்டு, அடுத்தமுறை மீன் இழுக்கும்போது விட்டுவிட்டு ஓடும். லீடர் அறுவது பெரும்பாலும் அந்தத் திடுக்கத்தில்தான்.

கியருக்குக் கிரீஸ் ஆண்டுக்கொருமுறை போதும். பின்சுழற்சியைத் தடுக்கும் ஒருவழி உருளையில் மட்டும் கிரீஸ் படக் கூடாது. பட்டால் முள் கொழுவ வெட்டும் நேரத்தில் கைப்பிடி பின்னால் வழுக்கும். அதற்கு மெல்லிய எண்ணெய் மட்டும், அதுவும் ஒரு துளி.

முள்ளும் வளையமும் மாரியில் பெட்டிக்குள்ளேயே துருப்பிடிக்கும். ஈரமான ஒரு லூரைப் போட்டு மூடினால் மற்றவையும் சேர்ந்து போகும். பாவித்தவற்றைத் தனி டப்பாவில் கொண்டுவந்து, கழுவி, மின்விசிறிக் காற்றில் ஒரு இரவு காயவிட்டுத்தான் பெட்டிக்குள் வைக்க வேண்டும். வளையத்தின் வெளிப்பக்கம் பளபளத்தாலும் மடிப்புக்குள் துரு இருக்கும். குறட்டால் விரித்துப் பாருங்கள், கறுப்புக்கோடு தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.

மழை காலத்தில் விரால் சோடியாகக் குஞ்சு காக்கும். தண்ணீர்மேல் செம்மஞ்சள் குஞ்சுக்கூட்டம் கொதிப்பதுபோல நகர்ந்தால் அதற்குள் எறியாதீர்கள். தாய்தகப்பன் கோபத்தில் எதையும் கடிக்கும், அவற்றைத் தூக்கினால் அந்தக் கூட்டத்தை மற்ற மீன்கள் சிறிது நேரத்தில் முடித்துவிடும். சேனநாயக்க சமுத்திரத்தைச் சுற்றிக் கல்லோயா தேசியப் பூங்கா இருப்பதால், அங்கே போகுமுன் வனசீவராசிகள் திணைக்களத்திடம் அனுமதி பற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும். வாவியிலும் குளங்களிலும் முதலை உண்டு. பிடித்த மீனை இடுப்பில் கட்டித் தண்ணீருக்குள் நிற்க வேண்டாம். வயல் வாய்க்காலில் வெறுங்காலோடு இறங்குவது எலிக்காய்ச்சலுக்கு வழி, முழங்கால் சப்பாத்துப் போடுங்கள். இடி கேட்டால் கார்பன் ரொட்டைக் கீழே வைத்துவிட்டுக் கரையைவிட்டு விலகுங்கள். குளம் வான் பாயும் நாட்களில் கதவுக்குக் கீழ்ப்புற வாய்க்காலில் நின்று எறியக் கூடாது. கதவு இன்னும் திறந்தால் தண்ணீர் கரையேற நேரம் தராது.