ஒரிஜினல் பாகமா, மேம்படுத்திய பாகமா: வயதான ஹாட் ஹேட்ச்சை வீட்டில் பராமரிப்பவர்களுக்கான ஒப்பீடு

1976இல் விற்பனைக்கு வந்த முதல் தலைமுறை ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐயும், 1984இல் வந்த பெஜோ 205 ஜிடிஐயும் ஹாட் ஹேட்ச் எனப்படும் வேகமான சிறு கார்களின் ஒரே சூத்திரத்தில் உருவானவை. ஒரு டன்னுக்கும் குறைவான எடை, சாதாரணக் குடும்பக் காரின் உடல், அந்த உடலுக்குச் சற்று அதிகமான எஞ்சின், அந்த எஞ்சினுக்கு ஏற்ப இறுக்கப்பட்ட சஸ்பென்ஷன் ஆகியவைதான் அந்தச் சூத்திரம். அவற்றின் வழியில் வந்த எந்தச் சிறிய ஹாட் ஹேட்ச்சும் இருபது வயதைத் தொட்ட பிறகு, அதை வீட்டிலேயே கழற்றி மாட்டும் உரிமையாளருக்கு ஒரே கேள்வி மீண்டும் மீண்டும் எழுகிறது. தேய்ந்த பாகத்துக்குப் பதிலாக, தொழிற்சாலை பொருத்திய அதே ரகத்தைப் புதிதாகப் போடுவதா, அல்லது கடினமான புஷ் (உலோக இணைப்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் வளையம்), காயில்ஓவர் (உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் தொகுப்பு), துளையிட்ட பிரேக் டிஸ்க் என்று மேம்படுத்தியதாகச் சொல்லப்படும் பாகத்தைப் போடுவதா?

இந்த ஒப்பீடு பெரும்பாலும் தொடக்கத்திலேயே பிசகிவிடுகிறது. புதிய பாலியூரித்தேன் புஷ்ஷைப் போட்டவர் அதை ஒப்பிடுவது இருபது ஆண்டுகள் உழைத்து, வெடித்து, எண்ணெயில் ஊறிப்போன ரப்பருடன்தான்; அப்படி ஒப்பிட்டால் எந்தப் புதிய பாகமும் வெற்றி பெறும். புதியதைப் புதியதோடு வைத்துப் பார்த்தால் முடிவு வேறாக இருக்கிறது. அன்றாடச் சாலையில் ஓடும் காருக்கு, ஓரிரு இடங்களைத் தவிர, தொழிற்சாலை ரகமே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. அந்த விதிவிலக்குகள் எவை என்பதையும் பாகம் பாகமாகச் சொல்கிறேன்.

முதலில் சஸ்பென்ஷன் புஷ்கள். வயதான காரின் குணம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. ரப்பர் புஷ்ஷில் வெளி உலோக வளையமும் உள் உலோகக் குழாயும் ரப்பரோடு ஒட்டப்பட்டிருக்கும். சக்கரத்தைக் காரின் உடலோடு இணைக்கும் லோயர் ஆர்ம் ஏறி இறங்கும்போது எதுவும் எதன் மீதும் உராய்வதில்லை. ரப்பர் முறுகி மீள்கிறது, அவ்வளவுதான். அதனால் அதற்கு கிரீஸ் வேண்டாம், சத்தமும் வராது. பாலியூரித்தேன் புஷ் அப்படி ஒட்டப்பட்டதல்ல. உள்ளே இருக்கும் உலோகக் குழாயின் மீது அது சுழல வேண்டும். கிரீஸ் வற்றிய நாளிலிருந்து அது கீச்சிடும், தூசி புகுந்தால் தேயும். அது ரப்பரைவிடக் கடினமானது என்பதால் ஸ்டியரிங்கைத் திருப்பியவுடன் மூக்கு திரும்பும் கூர்மை கூடுவது உண்மை. ஆனால் சாலையின் ஒவ்வொரு சிறு கற்பொடியும் கேபினுக்குள் கேட்பதும் உண்மை.

லோயர் ஆர்மின் இரண்டு புஷ்களும் ஒரே வேலையைச் செய்வதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பெரும்பாலான முன்சக்கர இயக்கக் கார்களில் முன்பக்கப் புஷ் ஆர்ம் சுழல்வதற்கான அச்சாக மட்டும் இருக்க, பின்பக்கத்துப் பெரிய புஷ் சக்கரம் பள்ளத்தில் மோதும்போது சற்றே பின்வாங்க இடம் கொடுக்கிறது. அந்த இடத்தில் முழுக் கடினமான புஷ்ஷை வைத்தால் மோதல் நேரடியாக, ஆர்ம் மாட்டியிருக்கும் அடிச்சட்டமான சப்ஃப்ரேமுக்குப் போகும். எனவே அந்தப் பின் புஷ்ஷை நான் ரப்பராகவே வைக்கச் சொல்வேன்.

வீட்டு வேலை என்ற கோணத்தில் மட்டும் பாலியூரித்தேனுக்கு ஒரு பெரிய சாதகம் உண்டு. அது பொதுவாக இரண்டு பாதிகளாக வருகிறது. கையால் அழுத்தியே உள்ளே தள்ளிவிடலாம். ரப்பர் புஷ்ஷை ஏற்ற பிரஸ் வேண்டும், அல்லது நீளமான திரெட் கம்பியும் சரியான அளவுக் கிண்ணங்களும் வேண்டும். உள்ளே வெற்றிடங்கள் விட்ட புஷ்ஷாக இருந்தால் அந்த வெற்றிடங்கள் எந்தத் திசையை நோக்க வேண்டும் என்பதையும் கழற்றும் முன்பே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். பிரஸ் இல்லாதவருக்கு நான் பரிந்துரைப்பது மூன்றாவது வழி: புஷ்களும், ஆர்மின் முனையில் வரும் பந்து மூட்டான பால் ஜாயின்ட்டும் ஏற்றப்பட்ட முழு லோயர் ஆர்மாகவே நல்ல தயாரிப்பாளரிடமிருந்து வாங்கிப் பொருத்துவது. வேலை நேரம் பாதியாகக் குறையும். துருப்பிடித்த பழைய ஆர்மும் கூடவே வெளியேறும்.

ரப்பர் புஷ் சீக்கிரமே கிழிந்துவிட்டது என்று சொல்பவர்களின் காரில் பெரும்பாலும் குற்றம் ரப்பரில் இருப்பதில்லை, இறுக்கிய முறையில் இருக்கிறது. கார் ஸ்டாண்டின் மேல் நிற்கும்போது சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் புஷ்ஷின் போல்ட்டை முழுதாக இறுக்கினால், கார் தரையில் இறங்கியவுடன் ரப்பர் நிரந்தரமாக முறுகிய நிலையிலேயே நிற்கும். அதற்கு மேல் ஒவ்வொரு பள்ளமும் அதை மேலும் முறுக்கும். செய்ய வேண்டியது இதுதான். காரைத் தூக்கும் முன்பே சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை அளவெடுத்து எழுதிக்கொள்ளுங்கள். பொருத்திய பின், சக்கரம் மாட்டப்படும் ஹப்பின் கீழே ஜாக்கை வைத்து அதே அளவு வரும்வரை உயர்த்துங்கள். கார் ஸ்டாண்டிலிருந்து எழும்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு டார்க் ரெஞ்சால் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். பாலியூரித்தேனில் இந்தக் கட்டுப்பாடு இல்லை, ஏனெனில் அது எந்த நிலையிலும் சுழலும்.

பின் அச்சுக்கு வரும்போது ஒப்பீடு இன்னும் தெளிவாகிறது. இரண்டாம் தலைமுறை கோல்ஃபின் பின் அச்சுப் புஷ்களும், பெஜோ 306இன் பின் அச்சைத் தாங்கும் ரப்பர் மவுண்ட்களும், வளைவில் வரும் பக்கவாட்டு விசைக்கு ஏற்பப் பின்சக்கரங்களின் திசையைச் சிறிதளவு ஒழுங்குபடுத்தும் வகையில் வடிவமைக்கப்பட்டவை. அந்த ரப்பரின் நெகிழ்வு ஒரு குறையே அல்ல. அதுவும் சஸ்பென்ஷன் கணக்கின் ஒரு பகுதிதான். அந்த இடத்தில் கடினப் புஷ்ஷை வைப்பவர் அந்தக் கணக்கையே அழித்துவிடுகிறார். பெஜோ 205இல் கதை வேறு. அங்கே பின் ஆர்ம்கள் ஊசி பேரிங்குகளில் சுழல்கின்றன. தண்ணீர் புகுந்து பேரிங் தேய்ந்தால் அது ஓடும் குழாயும் அரிக்கப்படும். காரின் பின்னால் சற்றுத் தள்ளி நின்று பார்த்தால், பின்சக்கரங்களின் மேற்பகுதி உள்நோக்கிச் சாய்ந்திருப்பது கண்ணுக்கே தெரியும். இதற்குப் புஷ் விவாதமே பொருந்தாது. அச்சைப் பிரித்துச் சீரமைக்க வேண்டும், அல்லது சீரமைத்த அச்சை வாங்கி மாற்ற வேண்டும். கனமான வேலை என்பதால் இரண்டாவது வழியே வீட்டுக்கு ஏற்றது.

அடுத்தது ஷாக் அப்சார்பர். ஒரு பக்கம் தொழிற்சாலை அளவிலான தரமான ஷாக்கும் ஸ்பிரிங்கும். மறுபக்கம் உயரத்தை மாற்றக்கூடிய காயில்ஓவர். மேக்ஃபெர்சன் ஸ்ட்ரட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக அமைந்த சஸ்பென்ஷன்) உள்ள காரைத் தாழ்த்தினால், காரின் ஈர்ப்பு மையம் இறங்குவதைவிட, வளைவில் உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டர் வேகமாக இறங்குகிறது. இரண்டுக்கும் இடையிலான தூரம் கூடுவதால், தாழ்த்திய கார் வளைவில் சாயாமலிருக்க இன்னும் கடினமான ஸ்பிரிங் தேவைப்படுகிறது. ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் கோணமும் லோயர் ஆர்மின் கோணமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல், பள்ளத்தில் இறங்கும்போது சக்கரம் தானாகத் திரும்பும் குணமும் தலைகாட்டும். கடினமான ஸ்பிரிங், குறைந்த இயக்கத் தூரம், இயக்கத்தின் எல்லையில் இருக்கும் பம்ப் ஸ்டாப்பில் அடிக்கடி மோதல் எனச் சேர்ந்து வரும் இந்த மூன்றும் கரடுமுரடான சாலையில் காரை மெதுவாக்குகின்றன. டயர் தரையை விட்டு எழும்பும் கணத்தில் பிடிப்பு என்பதே கிடையாது. அளந்து, கணக்கிட்டு, பந்தயத் தளத்தில் சோதிக்கும் வாய்ப்புள்ளவருக்கு நல்ல காயில்ஓவர் பயன் தரும். விலை மலிவான காயில்ஓவரை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஈரமான சூழலில் அதன் திரெட் துருப்பிடித்து இறுகிவிட்டால், உயரத்தை மாற்றும் வசதி என்ற ஒரே சாதகமும் போய்விடுகிறது.

எந்த வகையைத் தேர்ந்தாலும் ஒரே அச்சின் இரு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். மேல் மவுண்ட்டையும் அதன் பேரிங்கையும் அதே நேரத்தில் மாற்றிவிடுங்கள். ஸ்பிரிங் கம்ப்ரஸர் விஷயத்தில் சிறு அலட்சியமும் கூடாது. இரண்டு கொக்கிகளையும் நேர் எதிரெதிரே வைத்து, மாறி மாறிக் கையால் இறுக்கி, ஸ்பிரிங் இருக்கையில் தளர்ந்து சுழலும் நிலை வந்த பிறகே நடு நட்டைத் தொட வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பிக் காரின் அடியில் போகவே கூடாது. இவற்றில் மனம் ஒப்பாதவர்கள் ஸ்ட்ரட்டை முழுதாகக் கழற்றி எடுத்துச் சென்று, ஸ்பிரிங்கை மட்டும் ஒரு பட்டறையில் மாற்றி வாங்கி வருவது மிகவும் நல்ல வழி.

எஞ்சின் மவுண்ட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேல் மவுண்ட்கள் ரப்பராகவே இருக்கட்டும். எஞ்சின் முன்னும் பின்னும் ஆடுவதைத் தடுக்கும் கீழ்மவுண்டில் மட்டும் சற்றுக் கடினமான புஷ் ஏற்கத்தக்கது. கியர் மாற்றும்போது வரும் தள்ளாட்டம் தெளிவாகக் குறையும். ஐடிலில் அதிர்வு கொஞ்சம் கூடும். இது நான் சொன்ன விதிவிலக்குகளில் முதலாவது.

பிரேக்கில் டிஸ்க்கிலிருந்து தொடங்கலாம். துளையிட்ட டிஸ்க் அழகாக இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு துளையும் வெடிப்பு தொடங்கும் இடம். முற்காலத்துப் பேட்கள் சூடேறும்போது வெளியிட்ட வாயுவை வெளியேற்றத்தான் துளைகள் வந்தன. இன்றைய பேட்களுக்கு அந்தத் தேவை மிகக் குறைவு. காற்றோட்ட இடைவெளி உள்ள வழுவழுப்பான டிஸ்க்கே சாலைக்குப் போதும். பந்தயத் தரப் பேட் குளிர்ந்த நிலையில் சரியாகப் பிடிக்காது என்பதால், காலையில் முதல் முறை மிதிக்கும்போதே முழுப் பிடிப்பு வேண்டிய சாலைக் காருக்கு அது பொருந்தாது.

இந்த இரண்டையும்விட முக்கியமானவை இரண்டு: பேட்களை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான ஸ்லைடர் பின்களும், பிரேக் ஆயில் செல்லும் ரப்பர் ஹோஸும். பின் இறுகிவிட்டால் உள்பக்கப் பேட் மட்டும் தேயும். பின்னைக் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கான சிலிகான் கிரீஸ் பூச வேண்டும். சாதாரண மினரல் கிரீஸ் அங்கிருக்கும் ரப்பரை உப்ப வைத்துவிடும். வயதான ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாக இருந்தாலும் உள்ளே வீங்கி, அழுத்தத்தைப் போகவிட்டுத் திரும்ப விடாமல் பிடித்துக்கொள்ளும்; சக்கரம் காரணமின்றிச் சூடாவதற்கு இதுவும் ஒரு காரணம். இங்கே ஸ்டீல் வலை போர்த்திய ஹோஸும் புதிய ரப்பர் ஹோஸும் கிட்டத்தட்டச் சமம். வலை போர்த்தியதில் பெடல் சற்று உறுதியாக இருக்கும். ஆனால் உள்குழாயின் நிலையை வெளியிலிருந்து பார்த்து அறிய முடியாது. முறையான சான்று பெற்ற தயாரிப்பாக இருந்தால் எதை வேண்டுமானாலும் போடலாம்.

பிரேக் ஆயிலில்தான் மேம்படுத்துவதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். டாட் 4 என்ற தர வகைப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸிலும், ஈரம் உறிஞ்சிய நிலையில் 155 டிகிரியிலும் கொதிக்க வேண்டும் என்பது தரநிலை. டாட் 5.1க்கு அந்த எண்கள் 260, 180. இரண்டும் கிளைக்கால் வகை என்பதால் டாட் 4 ஓடிய காரில் டாட் 5.1ஐ ஊற்றலாம். பெயரில் நெருங்கியதாகத் தோன்றும் டாட் 5 சிலிகான் வகையைச் சேர்ந்தது. அதை இவற்றோடு கலக்கவே கூடாது. எனினும் மாற்றாமல் கிடக்கும் டாட் 5.1ஐவிட, இரண்டாண்டுக்கு ஒருமுறை தவறாமல் மாற்றப்படும் டாட் 4 மேலானது. பிரேக் குழாய்களிலிருந்து காற்றெடுக்கும்போது பெடலைத் தரைவரை மிதித்து மிதித்து இறைப்பதைத் தவிர்ப்பது நல்லது. மாஸ்டர் சிலிண்டரின் சீல்கள் வழக்கமாகப் போகாத, துரு படிந்திருக்கக்கூடிய பகுதியில் உரசிக் கிழியலாம். மேலிருந்து அழுத்தம் கொடுக்கும் ப்ளீடர் அந்த ஆபத்தை நீக்குகிறது.

எஞ்சின் ஆயிலைப் பொறுத்தவரை, எஞ்சின் ஆயில் குடிக்கிறது என்பதற்காக 10டபிள்யூ-40க்குப் பதில் அதைவிடக் கெட்டியான 10டபிள்யூ-60 ஊற்றுவது நோயை மறைக்கும் வேலை. கியரில் இருக்கும்போதே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறக்கத்தில் வந்து, மறுபடி ஆக்ஸிலரேட்டரை அழுத்தும் கணத்தில் நீலப்புகை வந்தால் வால்வ் ஸ்டெம் சீல்களைச் சந்தேகியுங்கள். இழுத்து ஓட்டும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங்குகளை. கெட்டியான ஆயில் இரண்டையும் குணப்படுத்தாது. கையேடு சொல்லும் தரத்து ஆயிலையே ஊற்றி, அது சொல்லும் காலத்துக்கு முன்பே மாற்றுவது போதும்.

கிராங்கையும் வால்வுகளையும் ஒத்து இயங்க வைக்கும் டைமிங் பெல்ட்டில் ஒப்பீடு பாகத்தைப் பற்றியதல்ல, கையைப் பற்றியது: வீடா, பட்டறையா? வால்வும் பிஸ்டனும் மோதக்கூடிய எஞ்சினில் ஒரு பல் தவறினாலே பெரும் சேதம் நேரலாம். எஞ்சினுக்கு உரிய லாக்கிங் கருவிகளும், கிராங்க் புல்லி போல்ட்டைக் கழற்றும் வழியும், சரியான டார்க் ரெஞ்சும் இருந்தால் வீட்டில் செய்யலாம். பொருத்திய பின் லாக்குகளை எடுத்துவிட்டு, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுழற்றி, குறிகள் மீண்டும் நேர்ப்படுகின்றனவா என்று பார்த்த பிறகே சாவியைத் திருப்ப வேண்டும். வழியில் எங்காவது தடை உணர்ந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். கருவி இல்லாமல் பெயிண்ட் குறியை நம்பிச் செய்வதைவிடப் பட்டறைக்குக் கொடுப்பதே மேல். யார் செய்தாலும் பெல்ட்டை இறுக்கும் டென்ஷனர், அதை வழிநடத்தும் ஐட்லர், பெல்ட்டால் ஓடும் வாட்டர் பம்ப் ஆகியவற்றையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். குறைந்த தூரமே ஓடிய கார் என்பதால் பெல்ட்டைத் தள்ளிப்போட முடியாது. அதற்குக் கிலோமீட்டர் கணக்கைப் போலவே ஆண்டுக் கணக்கும் உண்டு.

புஷ், ஆர்ம், ஸ்ட்ரட் எதைத் தொட்டாலும் கடைசியில் அலைன்மென்ட் பார்த்தாக வேண்டும். காரின் இருபுறமும் இணையாகக் கயிறு கட்டி, சக்கர விளிம்பின் முன்னும் பின்னும் அளந்து டோவை (சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவை) சரிசெய்யும் முறை பொறுமையாகச் செய்தால் நம்பகமானதே. டயர் கடை வரை பத்திரமாக ஓட்டிச் செல்ல அது போதும். சக்கரத்தின் மேற்பகுதி சாய்ந்திருக்கும் அளவான கேம்பரையும் பின் அச்சின் கோணத்தையும் ஒருசேரக் காட்டுவது மெஷின்தான். அங்கே கிடைக்கும் அச்சிட்ட தாளைக் காரின் கோப்பில் வையுங்கள். அடுத்த ஆண்டு பின்சக்கரத்தின் எண் மாறியிருந்தால், டயர் தேய்வதற்கு முன்பே எந்த பேரிங்கைப் பார்க்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.