மந்தமான யூஎஸ்பி: கேபிளை மாற்றுவதா, டிரைவரைத் தூக்குவதா, பென் டிரைவையே மாற்றுவதா?

லேப்டாப்பில் யூஎஸ்பி ஆமை வேகத்தில் போகிறது என்று சொன்னால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். டிரைவரை (சாதனத்தை இயக்க உதவும் மென்பொருளை) அப்டேட் பண்ணு என்பார் ஒருவர், ஃபார்மட் அடி என்பார் இன்னொருவர், போர்ட் போயிடுச்சு என்று கை விரிப்பவரும் உண்டு. இவற்றில் எதுவும் முழுப் பொய் இல்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்தவும் முடியாது. பத்தில் எட்டு முறை கேபிள், போர்ட், பென் டிரைவ் என்ற மூன்றுக்குள் விஷயம் முடிந்துவிடும் என்பது என் கணிப்பு.

எந்த வைத்தியத்தையும் தொடங்கும் முன் ஒரு சோதனை. சில ஜிபி அளவுள்ள ஒரே ஒரு பெரிய ஃபைலை, ஒரு முழுநீள வீடியோ போதும், காப்பி செய்யக் கொடுத்துவிட்டு வேகத்தைப் பாருங்கள். நொடிக்கு 30 முதல் 40 எம்பிக்குள் கோடு போட்டதுபோல் நிற்கிறதா? இணைப்பு யூஎஸ்பி 2.0 என்ற பழைய, மெதுவான தலைமுறையில் ஓடுகிறது என்று சந்தேகப்படலாம். அதன் உச்சவரம்பு நொடிக்கு 480 மெகாபிட்; எட்டு பிட் ஒரு பைட் என்பதால் காகிதத்தில் 60 எம்பி (மெகாபைட்), நடைமுறையில் 40-ஐத் தாண்டுவதே பெரிய விஷயம். முதல் சில நொடிகள் சீறிப் பாய்ந்து, பிறகு 10, 15 என்று விழுந்துவிடுகிறதா? குற்றவாளி பென் டிரைவ்தான். சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் 100-க்கு மேல் வருகிறதா? அதற்கு வியாதியே இல்லை, அதன் இயல்பே அவ்வளவுதான்.

போர்ட்டும் கேபிளும்

என் முதல் ஓட்டு இதற்குத்தான். செலவு மிகக் குறைவு, ஒரு நிமிடத்தில் முடிவு தெரிந்துவிடும். பல லேப்டாப்களில் ஒரு பக்கம் வேகமான யூஎஸ்பி 3.0, மறுபக்கம் வெறும் 2.0. உள்ளே நீல நிறம் தெரிந்தால் 3.0 என்பது பழைய வழக்கம். ஆனால் அது கட்டாயம் இல்லை என்பதால் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். போர்ட் பக்கத்தில் எஸ்எஸ் (SS, சூப்பர்ஸ்பீட்) என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள், அல்லது மாடலின் விவரப் பட்டியலைப் பாருங்கள்.

இங்கே ஒரு விசித்திரம். செவ்வக டைப்-ஏ பிளக்கில் முன்வரிசையில் 4 முனைகள் பழைய 2.0-க்கு, அவற்றுக்குப் பின்னால் 5 முனைகள் 3.0-க்கு. மெதுவாக, தயங்கித் தயங்கிச் செருகினால் முன்னே உள்ள 4 முனைகள் முதலில் தொட்டுவிடும். லேப்டாப்பும் இது 2.0 சாதனம் என்று முடிவுகட்டி அதே வேகத்தில் நின்றுவிடக்கூடும். கழற்றிவிட்டு ஒரே அழுத்தில் செருகினால் சரியாகிவிடுவது உண்டு. பின்வரிசையில் தூசி அடைத்திருந்தாலும் இதே கதைதான்.

கேபிளில் இன்னும் நுட்பமான ஏமாற்று இருக்கிறது. போனோடு வரும் டைப்-சி கேபிள்களில் பல, சார்ஜ் ஏற்றுவதற்காகச் செய்யப்பட்டவை, உள்ளே 2.0-க்கான கம்பிகள் மட்டுமே இருக்கும். எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டியை (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) அதில் மாட்டினால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் 40 எம்பிதான். ஹார்ட் டிஸ்க்கின் அகலமான இரட்டைப் பிளக் துளையிலும் இப்படி ஒன்று உண்டு: அதன் பெரிய பாதியில் சாதாரண மைக்ரோ யூஎஸ்பி கேபிளைச் செருகினாலும் வேலை செய்யும், ஆனால் 2.0 வேகத்தில்.

எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது என்பதை நேரடியாகவே பார்க்கலாம். மேக்கில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் யூஎஸ்பி பகுதி. லினக்ஸில் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையின் மரவடிவப் பட்டியலில் (lsusb -t) 480எம், 5000எம் என்று எழுதியே இருக்கும்; முதலாவது 2.0, இரண்டாவது 3.0. விண்டோஸில் யூஎஸ்பி டிவைஸ் ட்ரீ வியூவர் என்ற இலவச மென்பொருள் போதும்.

டிரைவர்

எல்லோரும் முதலில் கை வைப்பது இதில்தான். எனக்கோ இது கடைசிக்கு முந்தைய இடம். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதலே யூஎஸ்பி 3.0-க்கான டிரைவர் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. புது டிரைவர் போட்டு 40 எம்பி 400 ஆவது அபூர்வம். இன்னும் விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்கு மட்டும் கதை வேறு. அதில் தயாரிப்பாளர் தரும் டிரைவர் இல்லாமல் 3.0 போர்ட் ஒழுங்காக ஓடாது.

விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ஹோஸ்ட் கன்ட்ரோலரை (போர்ட்களை நிர்வகிக்கும் பகுதி) அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் அடிப்பது, குழம்பிப்போன கன்ட்ரோலரைத் தெளியவைக்கும். ஒருமுறை செய்து பார்ப்பதில் தவறில்லை. யூஎஸ்பி கீபோர்டும் மவுஸும் அந்த நேரத்தில் செத்துவிடும், டச்பேட் கைவசம் இருக்கட்டும். பயாஸ் (லேப்டாப்பைத் துவக்கும் அடிப்படை மென்பொருள்), சிப்செட் (மதர்போர்டின் துணைச் சிப்கள்) அப்டேட் என்றால் லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டும். ஒரே கிளிக்கில் எல்லா டிரைவரையும் புதுப்பிக்கிறேன் என்று வரும் மென்பொருள்களை அண்டவே விடாதீர்கள்.

செட்டிங்கும் ஃபார்மட்டும்

அதே டிவைஸ் மேனேஜரில், டிஸ்க் டிரைவின் ப்ராப்பர்ட்டீஸில் பாலிசீஸ் என்று ஒரு டேப் இருக்கும். அங்கே குயிக் ரிமூவல், பெட்டர் பெர்ஃபார்மன்ஸ் என இரண்டு தேர்வுகள். விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து முதலாவதுதான் இயல்புநிலை. இரண்டாவதை எடுத்தால் வேகம் கூடியதுபோல் இருக்கும். ஆனால் காப்பி முடிந்தது என்று திரை சொன்ன பிறகும் தரவு உள்ளே எழுதப்பட்டுக்கொண்டே இருக்கலாம். எஜெக்ட் செய்யாமல் பிடுங்கினால் ஃபைல் போச்சு. எப்போதும் மாட்டியே இருக்கும் எஸ்எஸ்டிக்கு இதை வைக்கலாம், கைக்குக் கை மாறும் பென் டிரைவுக்கு வேண்டாம்.

ஃபார்மட் மாற்றுவதால் பெரிய வேக லாபம் கிடையாது. ஃபேட்32 என்ற பழைய ஃபார்மட்டில் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலைப் போட முடியாது, அதற்காக எக்ஸ்ஃபேட்டுக்கு மாறலாம், அவ்வளவே. ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்கள்தான் இழுக்கிறதென்றால் ஃபார்மட்டை விட ஜிப் கைகொடுக்கும்: ஒரே கோப்பாகக் கட்டி அனுப்புங்கள்.

சாதனத்தையே மாற்றுவது

போர்ட் 5 ஜிபிபிஎஸ்ஸில் (நொடிக்கு 5 ஜிகாபிட், அதாவது 3.0 வேகம்) இணைந்திருந்தும் வேகம் விழுகிறதென்றால் இதுதான் வழி. பென் டிரைவ் அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் படிக்கும் வேகம். எழுதும் வேகத்தைப் பற்றி மூச்சே இருக்காது. மலிவான மாடல்களில் 3.2 என்று அச்சடித்திருந்தாலும் எழுதுவது 10, 20 எம்பிதான். 3.2 ஜென் 1 என்பது பழைய 3.0-வின் புதுப் பெயர் என்பதையும் மறக்க வேண்டாம்.

பெரிய ஃபைல்களை அடிக்கடி நகர்த்துபவருக்குச் சாட்டா எஸ்எஸ்டியை (எஸ்எஸ்டியில் சாதாரண வகை) யூஎஸ்பி உறையில் போட்டு மாட்டுவதே போதும் என்பேன். 5 ஜிபிபிஎஸ் போர்ட்டில் 400 எம்பிக்கு மேல் வரும். 50 ஜிபியை 2.0-வில் அனுப்ப 20 நிமிடத்துக்கு மேல் ஆகும், இதில் இரண்டு நிமிடச் சொச்சம். உறை வாங்கும்போது யூஏஎஸ்பி (பல கட்டளைகளை ஒரே சமயத்தில் அனுப்பும் முறை) ஆதரவு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்; அது இல்லாவிட்டால் கட்டளைகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போகும், குட்டி ஃபைல்களில் வித்தியாசம் தெரியும். என்விஎம்இ என்ற இன்னும் வேகமான எஸ்எஸ்டி வகைக்கான உறைக்குக் காசு கொடுப்பது உங்கள் போர்ட் 10 ஜிபிபிஎஸ்ஸாக இருந்தால்தான் நியாயம். 20 ஜிபிபிஎஸ் என்று விற்கும் ஜென் 2x2 டிரைவ்களோ, அந்த வசதி இல்லாத லேப்டாப்பில் 10-க்கோ அதற்கும் கீழேயோ இறங்கிவிடும். பல மேக்குகளிலும் இதே நிலைதான்.

அப்புறம், ஹப்பும் (ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிப்பது) டாக்கும் (மானிட்டரையும் சேர்த்து மாட்டும் பெட்டி). இடையில் ஹப் இருந்தால் சோதனையின்போது கழற்றிவிடுங்கள், அதில் மாட்டிய எல்லாமே ஒரே பாதையைப் பங்குபோடுகின்றன. டைப்-சி டாக்கில் 4கே மானிட்டரை 60 ஹெர்ட்ஸில் ஓட்டினால், சில டாக்குகள் அதிவேகக் கம்பிகள் அத்தனையையும் படத்துக்கே கொடுத்துவிடும். யூஎஸ்பிக்கு மிஞ்சுவது பழைய 480 மெகாபிட் மட்டும். மானிட்டரை 30 ஹெர்ட்ஸுக்கு இறக்கிப் பார்த்து வேகம் திரும்பினால், டிரைவ், கேபிள், டிரைவர் எதையும் தொட வேண்டாம். எஸ்எஸ்டியை டாக்கிலிருந்து எடுத்து லேப்டாப்பிலேயே நேராக மாட்டுங்கள்.