அரிசியா, அரிசிக்கான பணமா?

ரேஷன் அரிசியை நிறுத்திவிட்டு அதற்கான தொகையை வங்கிக் கணக்கில் போடலாம் என்ற யோசனை டெல்லியில் அவ்வப்போது தலைதூக்குகிறது. இந்திய உணவுக் கழகத்தைச் சீரமைக்க மத்திய அரசு அமைத்த சாந்தகுமார் குழு, 2015 ஜனவரியில், பத்து லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்களில் இதைத் தொடங்கலாம் என்றது. அதே ஆண்டில் சண்டிகரிலும் புதுச்சேரியிலும் நடைமுறைக்கும் வந்துவிட்டது.

பணம் கேட்பவர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. எடை குறைகிறது, சில மாதங்களில் அரிசி வாடை அடிக்கிறது, மூட்டைகள் மாநில எல்லை தாண்டிக் கடத்தப்படுகின்றன. பணத்துக்கு இந்தத் தொல்லைகள் கிடையாது. பிடித்த அரிசியைப் பிடித்த கடையில் வாங்கலாம். ரேஷன் தானியத்தில் உரியவருக்குப் போய்ச் சேராமல் வழியிலேயே போகும் கசிவு 46.7 சதவீதம் என்று 2011-12 கணக்கை வைத்துச் சொன்னது சாந்தகுமார் குழு. ஆனால் அது நாடு முழுவதற்குமான எண். ஏழை, பணக்காரர் என்று பிரிக்காமல் எல்லோருக்கும் அட்டை தரும் தமிழ்நாட்டில் கசிவு அதைவிட வெகு குறைவு. நடுத்தரக் குடும்பமும் வரிசையில் நிற்கும் கடையில் தவறு நடந்தால் கேட்பதற்கு ஆள் இருக்கிறது.

என்னை அரிசியின் பக்கம் நிறுத்துவது விலைதான். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். ஒரு குடும்பத்துக்கு மாதம் 20 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சந்தையில் விலை என்ன ஆனாலும் அது 20 கிலோதான். கிலோ 30 ரூபாய் வீதம் 600 ரூபாயாகக் கொடுத்தால், விலை 45 ரூபாயைத் தொடும் நாளில் கைக்கு வருவது 13 கிலோ. அதுவரை அரசு சுமந்த விலையேற்றம் அந்த வீட்டுத் தலையில் விழுகிறது. தொகையை மாதாமாதம் உயர்த்துவோம் என்று எந்த அரசாவது எழுதிக் கொடுக்குமா?

ஜார்க்கண்டின் நாக்ரி வட்டாரத்தில் 2017 அக்டோபரில் நடந்ததைப் பாருங்கள். கிலோ ஒரு ரூபாய்க்கு வாங்கிவந்த அரிசிக்கு மானியத்தைக் கணக்கில் போட்டு, கடையில் 32 ரூபாய் கொடுத்து வாங்கச் சொன்னார்கள். பணம் வந்ததா என்று அறிய வங்கிக்கு நடை, எடுக்க இன்னொரு நடை, பிறகு ரேஷன் கடை. அத்தனைக்கும் கூலி வேலையை விட வேண்டும். மக்கள் ராஞ்சிக்கு நடந்தே போய்ப் போராடினார்கள். 2018-இல் அரசு திட்டத்தைக் கைவிட்டது.

புதுச்சேரியில் இழுபறி நீண்டது. அப்போதைய முதல்வர் நாராயணசாமியின் அரசு அரிசி என்றது, துணைநிலை ஆளுநர் கிரண் பேடி பணம் என்றார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், 2020-இல் பணத்துக்குச் சாதகமாக முடிந்தது. ஆனாலும் அரிசிக்கான கோரிக்கை ஓயவில்லை. மூடிக் கிடந்த ரேஷன் கடைகள் 2024 தீபாவளியை ஒட்டித் திறக்கப்பட்டன.

இந்த விவாதத்தில் அதிகம் பேசப்படாத ஒருவர் டெல்டா விவசாயி. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் அரசு நெல் எடுப்பதே ரேஷனுக்கு அரிசி தேவை என்பதால்தான். அந்தத் தேவை போய்விட்டால், அறுவடை நேரத்தில் வியாபாரி சொல்வதே விலை.

மகளிர் உரிமைத் தொகைபோல அரிசியோடு சேர்த்துப் பணமும் தருவதை முழு மனதோடு வரவேற்கிறேன். ரேஷன் அரிசியே வேண்டாம் என்கிற குடும்பம் தானாக எழுதிக் கொடுத்துப் பணம் பெறட்டும், அதிலும் தவறில்லை. கடையை மூடிவிட்டுக் கொடுக்கும் பணத்தைத்தான் எதிர்க்கிறேன்.